தானாக எரியும் விளக்கு

குறிஞ்சிப்பாடியைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் ஒரு சின்ன வழிபாட்டுச் சபை இருக்கிறது. ஓடு போட்ட ஒரு கூடம், பின்னால் ஒரு சமையல்கட்டு, அவ்வளவுதான். கூடத்தில் சாமி படம் கிடையாது. ஒரு விளக்கு மட்டும் எரியும். மத்தியானம் யார் வந்தாலும் கஞ்சி உண்டு.

அதை நடத்தி வந்தவர் லோகநாயகி அம்மா. முன்பு பெண்களுக்குத் தையல் சொல்லிக் கொடுத்தவர். யாராவது அவரைக் குரு என்று சொன்னால், "கஞ்சி காய்ச்சுறவளுக்கு அந்தப் பேரெல்லாம் எதுக்கு" என்பார். ஆனாலும் மனசுக்குள் ஏதாவது அரித்தால் ஜனங்கள் அவரிடம்தான் வந்து நிற்பார்கள்.

இளவழகனும் அப்படி வந்து ஒட்டிக்கொண்டவன்தான். வயது நாற்பத்தெட்டு. பள்ளிக்கூடத்தில் லேப் அசிஸ்டென்ட். பதினோரு வருஷமாக வியாழக்கிழமை தவறாமல் வந்து பந்தியில் கஞ்சி ஊற்றுவான். அம்மா சொன்ன ஒரு சொல்லுக்காக மீனையும் கறியையும் விட்டவன்.

அன்று திங்கட்கிழமை. வியாழக்கிழமை வருகிறவன் திங்கட்கிழமை வந்து நின்றதும், அம்மா அரிசி களைந்துகொண்டே நிமிர்ந்து பார்த்தார்.

"லீவு போட்டுட்டீங்களா தம்பி?"

"அரை நாள் போட்டிருக்கேன்மா. ஒரு சந்தேகம். நீங்கதான் முடிவு சொல்லணும்."

சட்டைப் பையிலிருந்து மடித்த சீட்டுகள் மூன்றை எடுத்தான். விளக்கு முன்னால் போட்டு, அதில் ஒன்றை அம்மா கையால் எடுத்துத் தர வேண்டும் என்றான்.

"பொண்ணுக்கு மாப்பிள்ளை பாக்குறீங்களா?"

"இல்லம்மா. கோஆர்டினேட்டர்."

"அப்படின்னா?"

இளவழகன் தரையில் உட்கார்ந்தான். "வீட்ல சின்னச் சின்னதா நிறையக் கருவி வச்சிருக்கேன்மா. ஆள் நடந்தா தெரிஞ்சுக்கிறது ஒண்ணு, கதவு திறந்தா தெரிஞ்சுக்கிறது ஒண்ணு, அப்புறம் பல்பு, பிளக்கு. எல்லாம் கம்பி இல்லாம பேசும். ஆனா நடுவுல ஒருத்தர் வேணும். 'இங்க ஆள் வந்திருக்கு'ன்னு அது சொல்லும். இவரு அதைக் கேட்டு, 'அப்படின்னா நீ எரி'ன்னு பல்புக்குச் சொல்லணும். அந்த ஆளுதான் கோஆர்டினேட்டர்."

பக்கத்தில் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த குப்பம்மாள், "மாமியார்னு சொல்லு" என்றாள்.

அம்மா சிரித்தார். இளவழகன் சிரிக்கவில்லை.

"மூணு சீட்டுலயும் என்ன எழுதியிருக்கீங்க?"

"முதல்ல இருக்கிறது மலிவானதும்மா. கட்டைவிரல் அளவுதான். என் சம்சாரம் சுகந்தி அதையே வாங்குங்கன்றா. ரெண்டாவது கொஞ்சம் விலை. குச்சி மாதிரி ஆன்டெனா இருக்கும். கம்ப்யூட்டர்கிட்டயே சொருகினா காது சரியா கேக்காது, ஒரு ஒயர் போட்டுத் தள்ளி வைக்கணும். எங்க ஸ்கூல் கம்ப்யூட்டர் சார் அதைச் சொல்றாரு. மூணாவது, வீட்டுக்கு நடுவுல எங்க வேணா மாட்டிக்கலாம். ஆனா விலை மூணு மடங்கு. இன்டர்நெட்ல எல்லாரும் அதைத்தான் புகழ்றாங்க. ஒரு வாரமா படிச்சுப் படிச்சு மண்டை காஞ்சுபோச்சு."

"இப்ப இருக்கிறது?"

"இருக்கிறதுலயே மலிவானதா பாத்து வாங்கினது. அதான் மாத்தணும்."

அம்மா கையைத் துடைத்துக்கொண்டார். மூன்று சீட்டையும் வாங்கி விளக்கு முன்னால் வைத்தார். குப்பம்மாளைக் கூப்பிட்டார்.

"கையைக் கழுவிட்டு வந்து ஒண்ணை எடு."

"எனக்குப் படிக்கத் தெரியாதே அம்மா."

"அதுக்குத்தான் உன்னைக் கூப்பிட்டேன்."

குப்பம்மாள் கண்ணை மூடி ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். அம்மா பிரித்துப் பார்த்தார். ஆன்டெனா உள்ளது.

"இதையே வாங்கிடுங்க தம்பி. ஒயர் போட்டுத் தள்ளி வச்சுக்கோங்க."

இளவழகன் சீட்டை வாங்கிக்கொண்டான். இரண்டு முறை படித்தான்.

"அவ்வளவுதானாம்மா?"

"நீங்க கேட்டது அவ்வளவுதானே."

அவன் சரி என்று தலையாட்டினான். ஆனால் போகவில்லை. செருப்பு கிடந்த இடம்வரை போனான், திரும்பி வந்தான். கரண்டியை எடுத்துக்கொண்டு பந்திக்குப் போய்விட்டான். அன்றைக்கு அறுபது பேருக்கு மேல். ஒவ்வொருத்தர் தட்டிலும் குனிந்து குனிந்து கஞ்சி ஊற்றினான்.

எல்லோரும் சாப்பிட்டுப் போன பிறகு, அண்டாவைத் தேய்க்க உட்கார்ந்தார்கள். அம்மா புளியும் சாம்பலும் போட்டுத் தேய்க்க, இளவழகன் தண்ணீர் ஊற்றினான்.

"அப்பா எப்படி இருக்காரு?" என்றார் அம்மா.

"வெள்ளிக்கிழமை வீட்டுக்கு விடுறாங்கம்மா. அதுக்குள்ள இதை மாத்திடணும். இனிமே வீட்ல ஒரு நிமிஷம்கூட இருட்டு இருக்கக் கூடாது."

"விழுந்துட்டாருன்னு மட்டும்தான் கேள்விப்பட்டேன். எப்படி விழுந்தாரு?"

சொம்பிலிருந்து தண்ணீர் வருவது நின்றது.

இளவழகனின் அப்பா பெயர் தெய்வசிகாமணி. வயது எழுபத்தெட்டு. பண்ருட்டியில் ஒரு ஜவுளிக் கடையில் முப்பத்தாறு வருஷம் துணி கிழித்துப் போட்டவர். அந்தக் காலத்தில் அவர்கள் இருந்தது வரிசை வீடு. ஐந்து குடித்தனத்துக்கு ஒரே மீட்டர். யார் வீட்டில் விளக்கு அதிகமாக எரிந்தாலும் வீட்டுக்காரர் வாசலில் வந்து நின்று பேசுவார். அந்தப் பயத்தில் வந்த பழக்கம் அவருக்கு. அறையை விட்டு வெளியே வந்தால், பேசிக்கொண்டே இருந்தாலும் கை மட்டும் சுவரைத் தடவிப் போய் சுவிட்சை அணைத்துவிடும். படுக்கப் போகும் முன்பு வீடு முழுக்க ஒரு சுற்று. மிக்சி, டிவி, மோட்டார், எல்லாவற்றையும் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் படுப்பார்.

இந்தப் புது பல்புகளுக்கு அது ஆகாது. சுவர் சுவிட்ச் எப்போதும் போட்டபடியே இருக்க வேண்டும். அதை அணைத்துவிட்டால் பல்புக்கு உயிரே இருக்காது. யார் சொன்னாலும் கேட்காது.

"நான் சொல்லிட்டேதான் இருந்தேன்மா. அப்பா, இதை அணைக்காதீங்க, இது தானா அணையும்னு. சரின்னுவாரு. மறுநாள் மறந்துடுவாரு."

"ம்."

"பொண்ணைப் பாக்க மாப்பிள்ளை வீட்லேர்ந்து வந்திருந்தாங்க. பையன் இன்ஜினியர். வீட்டைக் காட்டினேன். எல்லாம் நானே போட்டதுன்னு சொன்னேன். உள்ளே நடங்க, தானா எரியும்னு பையனோட அப்பாவை முன்னால விட்டேன். எரியல. பக்கத்து ரூம்லயும் எரியல. அந்தப் பையன் சிரிச்சுட்டான்."

"நீங்க?"

இளவழகன் சொம்பைக் கீழே வைத்தான்.

"அப்பாவைப் பாத்தேன். அவ்வளவு பேரு முன்னால வச்சு, 'இனிமே இந்த வீட்ல எந்த சுவிட்சையும் நீங்க தொடக் கூடாது'ன்னு சொன்னேன்."

"அவரு என்ன சொன்னாரு?"

"'சரிப்பா, தொடல'ன்னாரு."

குப்பம்மாள் வெங்காயச் சருகைக் கூட்டிக்கொண்டிருந்தாள். துடைப்பத்தின் சத்தம் நின்றது.

"அதுக்கப்புறம் அவரு தொடவே இல்லம்மா. நான்தான் நம்பல. அப்பவும் விட்டு விட்டு எரியாம போச்சு. ஸ்கூல்லேர்ந்து வந்ததும், 'தொட்டீங்களா'ன்னு கேப்பேன். 'இல்லப்பா'ன்னுவாரு. பொய் சொல்றாருன்னு நெனச்சேன். ஒரு நாள் ஃபேனைப் போடாம வேர்வையில உக்காந்திருந்தாரு. ஏன்பான்னு கேட்டா, 'அது தானா ஓடுறதில்லையா'ன்னு கேட்டாரு. வேணும்னே என்னைக் குத்திக் காட்டுறாருன்னு கோபம் வந்துச்சு."

"அன்னிக்கு?"

"நானும் சுகந்தியும் பண்ருட்டிக்கு ஒரு நிச்சயதார்த்தத்துக்குப் போயிருந்தோம். சாயங்காலம் ஆறரை இருக்கும். அப்பா பாத்ரூம் போக எழுந்திருக்காரு. நடைக்கு வந்தா விளக்கு எரியணும். எரியல. நான்தான் சொல்லிக் கொடுத்திருந்தேன், எரியலன்னா கையை ஆட்டுங்க, அது பாத்துக்கும்னு. ஆட்டியிருக்காரு. அந்த நடையில ஒரு படி இறங்கணும். படி தெரியல."

"சுவிட்ச் எங்கே இருக்குது?"

இளவழகன் தன் தோளைத் தொட்டுக் காட்டினான்.

"அவரு நின்ன இடத்துல தோளுக்கு நேரா இருக்கும்மா. ஒரு தடவை அணைச்சுத் திரும்பப் போட்டிருந்தாலே, பல்பு யாரையும் கேக்காம எரிஞ்சிருக்கும்."

அம்மா அண்டாவைத் தேய்ப்பதை நிறுத்தவில்லை.

"ஆஸ்பத்திரியில வச்சு என்கிட்ட அவரு சொன்னது என்ன தெரியுமாம்மா? 'கையை ஆட்டிப் பாத்தேன்பா. ஒருவேளை எனக்கு சரியா ஆட்டத் தெரியலையோ என்னவோ'ன்னாரு."

"எரியாமப் போனது எதனாலன்னு தெரிஞ்சுதா?"

"அப்புறம்தான் படிச்சேன். நான் வாங்கினது நேரா இருபது கருவிக்கு மேல தாங்காதாம். நான் முப்பத்தொண்ணு வரைக்கும் சேர்த்துட்டேன். புதுசா ஒண்ணு உள்ள வந்தா பழசுல ஒண்ணு விழுந்துடும். அப்பாவால இல்லம்மா. மாப்பிள்ளை வீட்டார் வந்த அன்னிக்கும் அப்பாவால இல்ல. சுவிட்செல்லாம் போட்டபடியேதான் இருந்திருக்கு. நான் போய்ப் பாக்கவே இல்ல."

"அவர்கிட்டச் சொன்னீங்களா?"

"சொன்னேன். ஆஸ்பத்திரியில வச்சு, தப்பு என்னோடதுதான்பா, நீங்க இனிமே எதை வேணா தொடலாம்னு சொன்னேன்."

"அவரு?"

"'சரிப்பா'ன்னாரு."

அம்மா அண்டாவைக் கவிழ்த்து வைத்தார். "வெள்ளிக்கிழமை வீட்டுக்குப் போற வழியில அவரை இங்க கொஞ்ச நேரம் கூட்டிட்டு வாங்க" என்றார்.

"நடக்க முடியாதும்மா. சக்கர நாற்காலிதான்."

"இங்க படி ஏதும் இல்லையே."

வெள்ளிக்கிழமை சாயங்காலம் கார் வந்து நின்றது. இளவழகன் அப்பாவைத் தூக்கி நாற்காலியில் உட்கார வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தான். சுகந்தி சமையலைப் பார்க்க முன்பே வீட்டுக்குப் போயிருந்தாள். தெய்வசிகாமணி மெலிந்துபோயிருந்தார். சவரம் செய்த முகம், புது வேட்டி. மடியில் ஆஸ்பத்திரி மாத்திரைப் பை.

"வாங்க ஐயா" என்று அம்மா கும்பிட்டார். "பையன் உங்களைப் பத்தித்தான் பேசுவாரு."

"என்னைப் பத்திப் பேச என்ன இருக்கு" என்று பெரியவர் சிரித்தார். "துணி கிழிச்சவன். மீட்டருக்கு ஒரு விரல் கூடுதலா கிழிச்சா முதலாளி திட்டுவாரு. குறைச்சா வாங்க வந்த அம்மா திட்டும். முப்பத்தாறு வருஷம் அப்படியே ஓட்டிட்டேன்."

"நான் தையக்காரி. நீங்க கிழிச்சதைத்தான் நான் தைச்சிருப்பேன்."

"கோணலா இருந்துச்சா?"

"துணியை எடுத்தவங்க யாரும் சொல்லலையே."

பெரியவருக்கு அது பிடித்துப்போனது. வாய்விட்டுச் சிரித்தார். இளவழகன் அப்பா சிரித்ததைப் பார்த்து எவ்வளவோ நாள் ஆகியிருந்தது. அவன் வேறு பக்கம் பார்த்துக்கொண்டான்.

அம்மா நாற்காலியைக் கூடத்துச் சுவரோரமாகத் தள்ளி நிறுத்தினார். அங்கேதான் சுவிட்ச் பலகை. கையைத் தூக்கினால் எட்டும்.

பொழுது இறங்கியது. வழிபாட்டுக்கு ஐந்தாறு பேர் வந்து பாயில் உட்கார்ந்தார்கள். கூடம் மங்கிக்கொண்டே வந்தது. விளக்குச் சுடர் மட்டும் தெரிந்தது. யாருடைய முகமும் சரியாகத் தெரியவில்லை.

"ஐயா, நேரமாச்சு. லைட்டைப் போடுங்க" என்றார் அம்மா.

"நானா?"

"உங்க பக்கத்துலதானே இருக்கு."

பெரியவர் சுவிட்சைப் பார்த்தார். பிறகு திரும்பி மகனைத் தேடினார்.

"தொடலாமாப்பா?"

இளவழகன் "தொடுங்கப்பா" என்றான். சத்தம் வெளியே வரவில்லை. மறுபடியும் சொன்னான். "தொடுங்கப்பா."

பெரியவர் கையைத் தூக்கினார். விரல் பலகைக்குக் கிட்டப் போனது. சுவிட்சைத் தொடுவதற்கு முன்னால் நின்றது. கொஞ்ச நேரம் அப்படியே காற்றில் இருந்தது. பிறகு மெதுவாகக் கீழே வந்து மாத்திரைப் பையைப் பிடித்துக்கொண்டது.

"வேணாம்பா. தானா எரியும்."

"இது தானா எரியாதுப்பா. இது சாதா லைட்டுப்பா."

"எதுக்குப்பா வம்பு. உங்களுக்கெல்லாம் எது எது எப்படின்னு தெரியும். நான் தொட்டு ஏதாவது ஆச்சுன்னா."

"ஒண்ணும் ஆகாதுப்பா."

"இருக்கட்டும்பா."

குப்பம்மாள் எழுந்தாள். "நான் போடட்டுமா அம்மா?"

"உக்காரு" என்றார் அம்மா.

அன்றைக்கு மின்விளக்கு இல்லாமலே வழிபாடு நடந்தது. யாரும் புத்தகத்தைப் பார்த்துப் பாட முடியவில்லை. மனப்பாடமாகத் தெரிந்ததைப் பாடினார்கள். தெரியாத இடத்தில் சும்மா இருந்தார்கள். கொசு கடித்தது. தெய்வசிகாமணி கண்ணை மூடிக்கொண்டு கும்பிட்ட கையோடு உட்கார்ந்திருந்தார். அவர் உதடு மட்டும் அசைந்தது. இளவழகன் சுடரைப் பார்க்கவில்லை, அப்பாவின் கையைப் பார்த்துக்கொண்டே இருந்தான். அவன் சின்னப் பையனாக இருந்தபோது, பரீட்சைக்குப் படிக்கிற நாளில் மட்டும் அந்தக் கை விளக்கை அணைக்காது. வீட்டுக்காரர் வாசலில் வந்து நின்றால் அப்பாதான் எழுந்து போவார். திரும்பி வந்து, "நீ படிப்பா" என்பார். வீட்டுக்காரர் என்ன பேசினார் என்று ஒரு நாளும் சொன்னதில்லை.

வழிபாடு முடிந்தது. எல்லோரும் செல்போன் வெளிச்சத்தில் செருப்பைத் தேடிக்கொண்டு போனார்கள். இளவழகனும் வழிபாட்டுக்கு வந்தவர்களில் இருவரும் பெரியவரைக் காரில் ஏற்றி உட்கார வைத்தார்கள்.

"நல்லா இருந்துச்சும்மா" என்று பெரியவர் உள்ளேயிருந்து கும்பிட்டார். "அமைதியா இருந்துச்சு."

கதவைச் சாத்திவிட்டு இளவழகன் திரும்பி வந்தான். அம்மா கூடத்து வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

"நான் சொன்னது ஒரே ஒரு வார்த்தைதானேம்மா" என்றான். "அதுவும் தப்புன்னு சொல்லிட்டேன். மன்னிப்பும் கேட்டுட்டேன். இன்னும் என்ன செய்யணும்?"

அம்மா கேட்டார்: "சீட்டுல வந்ததை வாங்கிட்டீங்களா?"

அவனுக்குப் புரியவில்லை. "வாங்கிட்டேன்மா. நேத்து வந்துச்சு. ராசியான சீட்டுதான். நல்ல பொருள்."

"எத்தனை தாங்கும்?"

"நூறுக்கு மேல."

"அப்ப வச்சதும் உங்க முப்பத்தொண்ணும் வந்து சேர்ந்துடுச்சா?"

"அதெப்படிம்மா சேரும்? அதுங்க பழைய கோஆர்டினேட்டர்கிட்ட வாக்கு கொடுத்த மாதிரி. பழசைக் கழட்டி எறிஞ்சாலும் அதுங்களுக்குத் தெரியாது. அதையேதான் கூப்பிட்டுக்கிட்டு இருக்கும்."

"புதுசுதான் நல்லதுன்னு சொன்னீங்களே."

"எவ்வளவு நல்லதா இருந்தாலும் தானா வராதும்மா."

"பின்னே?"

"நாமதான் ஒவ்வொண்ணுகிட்டயும் போகணும். அது எங்க இருக்குதோ அங்க. ஏணி போட்டு ஏறணும்னாலும் ஏறணும். கையில எடுத்து, அதுல இருக்கிற பொத்தானை அழுத்திப் பிடிச்சுக்கிட்டே நிக்கணும். பழசை மறந்தா ஒரு வெளிச்சம் மினுக்கும். அப்புறம்தான் புதுசு கூப்பிடுறது அதுக்குக் கேக்கும்."

"மினுக்கலன்னா?"

"திரும்ப அழுத்தணும்."

"அப்பவும் மினுக்கலன்னா?"

"சிலது அப்படித்தான்மா அடம்பிடிக்கும். பேட்டரியைக் கழட்டிப் போட்டுப் பாக்கணும். கொஞ்ச நேரம் விட்டுட்டு மறுபடியும் வரணும். கோபப்பட்டு வேகமா அழுத்தினா நடக்காது. நேத்து சாயங்காலம் ஆரம்பிச்சேன், பதினாலுதான் முடிஞ்சிருக்கு. நாளைக்கும் ஞாயித்துக்கிழமையும் அதுக்காகவே ஒதுக்கி வச்சிருக்கேன்."

"எத்தனை தடவை அழுத்துவீங்க?"

"சேர்ற வரைக்கும்மா."

சொல்லிவிட்டு இளவழகன் நின்றான். காரைத் திரும்பிப் பார்த்தான்.

அம்மா பாயைச் சுருட்டிச் சுவரில் சாய்த்து வைத்தார்.

"போங்க தம்பி" என்றார். "அப்பா கார்ல தனியா உக்காந்திருக்காரு."